அப்பாவின் கேள்விக்கு என் பதில்

கேள்வி: உயர்தரம் கலைப் பிரிவில் படிக்கிறேன். உளவியல் படிக்க ஆசை. "படித்துவிட்டுத் திருகோணமலையில் பைத்தியமா பார்க்கப் போகிறாய்?" என்கிறார் அப்பா. நான் மனநல மருத்துவராக முடியுமா? வேறு வழிகள் உண்டா?
— வாசகி, உப்புவெளி

பதில்: மகள், மனநல மருத்துவராக முடியாது. அதற்கு உயிரியல் பிரிவு, மருத்துவப் பீடம், பிறகு எம்.டி. என்ற மேற்படிப்பு என்று வரவேண்டும். மருந்து எழுதுபவர் அவர்.

ஆனால் பேராதனையில் உளவியலில் சிறப்புப் பட்டம் படிக்கக் கலைப் பிரிவு போதும். அதற்குமேல் சிகிச்சை உளவியலில் முதுநிலைப் படிப்பும் பயிற்சியும் முடித்தால் வைத்தியசாலையில் நோயாளிகளைப் பார்க்கலாம். நீண்ட வழி, பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இப்போதே வாசிக்கப் பழகுங்கள்.

நான் வந்தது குறுக்குப் பாதையால். 2004 சுனாமிக்குப் பிறகு, நிலாவெளிப் பக்கம் ஒரு முகாமில் பெயர் பதியும் வேலைக்குப் போனவள் நான். ஒரு அம்மா தினமும் தலையிடி என்று வருவார். கையில் சித்தாலேப தைல டப்பி. பேசும்போது அதன் மூடியைத் திறப்பார், மூடுவார். மூன்றாவது வாரம் கை சும்மா இருந்தது. அன்றுதான் மகனின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊரில் துக்கம் முதலில் தலையிடியாகவும் நெஞ்செரிவாகவும்தான் வந்து உட்காரும். அதற்குப் பிறகுதான் உளவளத்துணை (கவுன்சிலிங்) டிப்ளோமா படித்தேன்.

உளவளத்துணை உத்தியோகத்தர், பாடசாலை வழிகாட்டல் ஆசிரியர், சமூகப் பணியாளர், கம்பனிகளில் மனிதவளப் பிரிவு என்று வேலைகள் பல. எல்லாம் ஒரே குணத்துக்கு ஒத்துவராது. கதை கேட்டுக் களைக்காதவருக்கு உளவளத்துணை. கணக்கும் புள்ளிவிபரமும் பிடித்தவர் ஆய்வுக்குப் போகட்டும். புள்ளிவிபரவியல் இல்லாத உளவியல் பட்டம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பலர் முதல் வருடத்தில் திகைப்பது அங்கேதான்.

சிங்களமும் படியுங்கள். திருகோணமலையில் மூன்று சமூகத்தவரும் ஒரே வாங்கில் காத்திருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருந்தால் யார்தான் மனம்விட்டு அழுவார்?

அப்பாவோடு வாதாட வேண்டாம். ஒரு நாள் "பட்டினமும் சூழலும்" பிரதேச செயலகத்துக்கு அவரையும் கூட்டிப்போங்கள். அங்குள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடம், வருபவர்கள் என்ன பிரச்சினைகளோடு வருகிறார்கள் என்று அவரே கேட்கட்டும். பெரும்பாலும் கடன், குடி, பிள்ளையின் படிப்பு என்றுதான் பதில் வரும்.