கும்பிட்டு வைத்தால் என்ன நட்டம்?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலை திருநெல்வேலியில். கல்லூரியில் படிக்கும்போதே சாமி நம்பிக்கை போய்விட்டது, ஆனால் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. இந்தத் தடவை பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குலசாமியான சாஸ்தா கோயிலுக்கு வரமாட்டேன் என்று நின்றுவிட்டேன். மகளுக்கு அங்கேதான் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், அதுவும் தள்ளிப்போனது. அடுத்த மாதமே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் மனைவி அது சாமி குத்தம்தான் என்கிறாள். அப்பா வேறு மாதிரி மடக்குகிறார். "சாமி இருந்தா உனக்கு லாபம், இல்லேன்னா தேங்காய் பழக் காசுதானல போச்சு? கும்பிடாம இருந்து, அங்க சாமி இருந்துட்டா என்ன செய்வ?" என்கிறார், கூடவே ஒரு குறளும் சொல்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரியில் பயமாகவும் இருக்கிறது. நம்புவதுதான் பாதுகாப்பு என்றால், பொய்யாகவாவது கும்பிட்டுவிடட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, முதலில் பிள்ளையைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது நீங்கள் கோயிலுக்குப் போகாததால் இல்லை. அவள் படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டில்களில் கிடந்த பிள்ளைகளின் அம்மாக்களிடம் உங்கள் மனைவி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவர்களில் பாதிப்பேராவது உத்திரத்தன்று பொங்கல் வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். என்ன காய்ச்சல் என்று நீங்கள் எழுதவில்லை. டெங்குவாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் காய்ச்சலில் சூடு இறங்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணிந்து பிள்ளை தேறிவிட்டது மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், துவண்டு போவது என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சாமி குத்தம் என்று நினைக்கிற வீட்டில் அந்த நேரம்தான் குறி கேட்பதிலும் திருநீறு வாங்கி வருவதிலும் கழிகிறது. உங்கள் மனைவி மனதில் என்ன நினைத்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார், அதற்காகவே அவரிடம் கோபப்படாமல் பேசுங்கள். திருநீறு பூசட்டும், தடுக்க வேண்டாம், ஆனால் பூசிக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிட வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு இருக்கட்டும்.

சரி, அப்பாவின் கணக்குக்கு வருவோம். இந்தக் கணக்கு அவருடையது மட்டுமில்லை, 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் என்பவர் இதை முறைப்படி போட்டார். சாதாரண ஆள் இல்லை அவர். வரி வசூல் வேலையில் இருந்த தகப்பனாருக்கு உதவியாக இருக்கட்டும் என்று இருபது வயது ஆகும் முன்பே கூட்டல் கழித்தல் இயந்திரம் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தவர். 1654-இல், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கு வைப்பது என்று பெர்மா என்ற இன்னொரு கணித மேதையோடு கடிதம் எழுதிக்கொண்டார், நிகழ்தகவுக் கணிதம் அந்தக் கடிதங்களில்தான் உருவானது என்பார்கள். அப்படிப்பட்டவர் சொன்னது இது: கடவுள் உண்டா இல்லையா என்று அறிவால் தீர்க்க முடியாது, ஆனால் பந்தயம் கட்டாமல் ஒதுங்கவும் முடியாது, வாழ்கிற வாழ்க்கையே ஒரு பக்கம் கட்டியதுதான். உண்டு என்று கட்டி ஜெயித்தால் கிடைப்பது முடிவே இல்லாத பேரின்பம். தோற்றால் போவது அளவுள்ள ஏதோ கொஞ்சம். அதனால் வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உண்டு என்றே கட்டு. அவர் 1662-இல், 39 வயதில் இறந்துபோனார், குறிப்புகள் 1670-இல்தான் புத்தகமாயின. உங்கள் அப்பா தேங்காய் பழத்தில் சொன்னதும் இதைத்தான்.

கேட்டவுடன் பதில் வராத கணக்குத்தான், நீங்கள் திணறியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை நான் சும்மா விடமாட்டேன். முடிவில்லாத ஒன்றை எந்தச் சின்ன வாய்ப்போடு பெருக்கினாலும் முடிவில்லாததுதான் வரும், இல்லையா? அப்படியானால் யார் எந்தப் பயத்தைக் காட்டினாலும் நீங்கள் பணிய வேண்டியதுதான். ஒரு ஜோசியர் வந்து, இந்தப் பரிகாரத்தைச் செய்யவில்லை என்றால் ஏழு தலைமுறைக்கும் ஆகாது, ஐம்பதாயிரம் எடுத்து வையுங்கள் என்கிறார். பொய்யாகத்தான் இருக்கும், ஆனால் "ஒருவேளை உண்மையாக இருந்துட்டா?" அப்பாவின் கணக்குப்படி பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு இன்னொருவர் ஒரு லட்சம் கேட்டு, பதினாலு தலைமுறை என்பார். இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டவருக்கு எங்கேயும் போதும் என்று சொல்ல வழி கிடையாது. நம் மாவட்டத்தில் நகையை அடகு வைத்துப் பரிகாரம் செய்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும், வட்டி கட்ட முடியாமல் நகை முழுகிப்போன வீடுகளும் தெரியும். தேங்காய் பழக் காசுதான் போகும் என்பது நல்ல நாளில் சொல்கிற பேச்சு. பயத்தில் இருக்கிறவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம்.

அப்புறம், எந்தச் சாமி மேல் கட்டுவது? பாஸ்கல் மனதில் இருந்தது கத்தோலிக்கக் கடவுள். இதே கணக்கை ஒரு இமாமும் போடலாமே என்று டிடரோ என்ற பிரெஞ்சுக்காரர் கேட்டுவிட்டார். நம் ஊரில் இதைக் கேட்கப் புத்தகமே வேண்டாம். உவரிக்குப் போனால் சுயம்புலிங்க சாமியும் இருக்கிறார், அந்தோணியாரும் இருக்கிறார், இரண்டு வாசலிலும் நேர்ச்சை செலுத்தக் கூட்டம் நிற்கிறது. பொட்டல்புதூர் தர்காவுக்குப் போகாத இந்துக் குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு. எல்லா இடத்திலும் கும்பிட்டுப் பாதுகாப்புத் தேடலாம், நம் சனங்கள் அன்போடு அப்படிச் செய்கிறவர்கள்தான், ஆனால் என்னைத் தவிர வேறு யாரையும் வணங்காதே என்று ஒரு வேதம் சொன்னால் கணக்கு அங்கேயே இடித்துக்கொண்டு நிற்கும். தப்பான வாசலில் நிற்பது ஒரு வாசலிலும் நிற்காததைவிட மோசமாகவும் ஆகலாம். பயத்தை வைத்து ஆரம்பித்தால் பயம் தீரவே தீராது என்பதற்காகச் சொல்கிறேன், யார் நம்பிக்கையையும் குறைத்துப் பேச இல்லை.

நம்பு என்றால் உடனே நம்பிவிட முடியுமா என்பதும் இருக்கிறது. பாஸ்கலுக்கே இது தெரியும். முடியவில்லை என்கிறவரிடம், நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் செய், தீர்த்தம் எடுத்துக்கொள், பூசைக்குப் போ, தானாக வந்துவிடும் என்றார். ஆனால் அவருக்கு நம்பிக்கை வந்த விதம் வேறு. 1654 நவம்பர் 23-ஆம் தேதி இரவு ஏதோ ஒரு பெரிய அனுபவம் அவரை உலுக்கிவிட்டது. ஆபிரகாமின் கடவுள், தத்துவவாதிகளின் கடவுள் அல்ல என்று ஒரு தாளில் எழுதி, அதைத் தன் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார், அவர் இறந்த பிறகுதான் ஒரு வேலைக்காரர் அதைக் கண்டெடுத்தார். பந்தயக் கணக்குப் போட்ட மனிதரே கணக்குப் போட்டு நம்பவில்லை, தம்பி. உங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சாஸ்தா முன்னால் அவர் கைகூப்பி நிற்கும்போது லாப நட்டம் பார்க்கிறவரா? மாட்டார். உங்களை எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்ற தவிப்பில்தான் கணக்குப் பேசுகிறார்.

அவர் சொன்ன குறள், "உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்" என்பதாக இருக்க வேண்டும், 850-ஆவது. உலகத்தார் உண்டு என்று சொல்வதை இல்லை என்கிறவன் பேயாக எண்ணப்படுவான் என்று அர்த்தம். அதில் கடவுள் என்ற சொல் கிடையாது. உண்டென்று உலகத்தார் சொல்பவற்றில் கடவுள், மறுபிறப்பு, வினைப்பயன் எல்லாம் அடங்கும் என்று எழுதியது பரிமேலழகர். அப்பா அந்த உரையை எடுத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. நீங்கள் 222-ஆவது குறளை எடுத்துக்கொள்ளுங்கள்: "நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று." மேலுலகமே இல்லை என்றாலும் கொடுப்பது நல்லது. முடிந்தது கதை! பந்தயத்துக்கே அங்கே வேலை இல்லை. இதைவிட நேராக அடிக்கிற பாட்டு ஒன்றும் இருக்கிறது, அதுவும் நம் மலையடிவாரத்து மனிதரைப் பற்றியது. பொதிகைப் பக்கத்தை ஆண்ட ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடுகிறார், புறநானூற்றில் 134-ஆவது பாட்டு: "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்." இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரி இல்லை ஆய், சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறான், அவ்வளவுதான். பாஸ்கலுக்குப் பதினைந்து நூற்றாண்டுக்கு முன்பே நம் மண்ணில் இந்தப் பேரத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். புத்தரும் காலாமர் என்ற கூட்டத்தாரிடம் இப்படி ஒன்று சொன்னார்: பகை இல்லாமல், கெடுதல் செய்யாமல் வாழ்கிறவனுக்கு மறுமை இருந்தால் அங்கேயும் நல்லது, இல்லாவிட்டால் இங்கேயே நிம்மதி. இந்தப் பந்தயத்தில் வேண்டுமானால் நீங்கள் தைரியமாகக் கட்டலாம், ஏனென்றால் கட்ட வேண்டியது நடத்தையை. அது உங்கள் கையில் இருக்கிறது, நம்பிக்கை அப்படி இல்லை.

ராத்திரியில் பயம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை படுத்துவிட்டால் யாருக்கும் வரும். ஆனால் யாரிடம் பயப்படுகிறீர்கள்? ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வார், திருவாய்மொழியின் முதல் பத்திலேயே, உளன் என்றாலும் அவன் இருக்கிறான், இலன் என்றாலும் அருவமாக அங்கேயும் இருக்கிறான் என்று பாடிவிட்டார். இல்லை என்கிறவனையும் தனக்குள் வைத்திருக்கிற சாமி, தகப்பன் ஒரு வருஷம் கோயிலுக்கு வரவில்லை என்று பச்சைப்பிள்ளையைப் படுக்கவைக்குமா? அப்படிச் செய்கிற ஒன்று இருந்தால் அதைக் கும்பிடுவதுதான் தப்பு என்பேன். மனைவியிடமும் இந்த வழியில் பேசிப்பாருங்கள், சாமி இல்லை என்று ஆரம்பித்தால் அவர் காதை மூடிக்கொள்வார்.

கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது வேறு கேள்வி, இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். நம்பாதவருக்கு வருகிற உண்மையான நட்டம் நரகம் இல்லை, அது இங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்தில் உத்திரத்தன்று என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்குகிறார்கள், வயல் நடுவில், குளத்தங்கரையில் இருக்கிற சாஸ்தா கோயிலுக்கு வேனில் போகிறார்கள், கல் கூட்டிப் பொங்கல் பானை ஏற்றும்போது புகை கண்ணில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பெரியம்மை, "நீ யாரு மவன்ல?" என்று கேட்டு, மூன்று தலைமுறை தள்ளி ஒரு உறவைக் கண்டுபிடிக்கிறாள். ஒரே சாஸ்தா என்றால் பெரும்பாலும் ஒரே வம்சம் என்பார்கள். நாலாம் தலைமுறைப் பங்காளிகளை வருஷத்துக்கு ஒரு தடவையாவது முகம் பார்க்க வைப்பது அந்த ஒரு நாள்தான். உங்கள் மகளுக்கு அந்த முகங்கள் தெரியாமல் போனால் பிறகு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அவளுக்காகப் போங்கள். போய்ப் பானைக்கு விறகு தள்ளுங்கள், கிழவனாருக்குக் கைபிடித்துப் படியேற உதவுங்கள்.

பொய்யாகக் கும்பிட வேண்டாம். ஓரமாக மரியாதையாக நில்லுங்கள், பூசாரி திருநீறு நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் அப்பாவின் மனதுக்கு நீங்கள் கொடுக்கிற இடம். கேட்டால், "அப்பா, எனக்கு நம்பிக்கை வரலை, வராததை வந்த மாதிரி நடிச்சா சாமி இருந்தாலும் அதுக்குத் தெரியாமலா போகும்?" என்று சொல்லுங்கள். நம்புகிறவருக்கு இந்தப் பதில் புரியும்.

மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும் அடுத்த உத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம், உடம்பு நன்றாகத் தேறட்டும். காது குத்துகிற ஊசி புதிதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், கடன் வாங்கி வேண்டாம். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். சாமி கண்ணைக் குத்தும், நீ செய்ததால்தான் காய்ச்சல் வந்தது, அப்பா கும்பிடாததால்தான் வந்தது என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. இதை முதலில் மனைவியிடம் பேசி முடித்துவிட்டு, அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் தனியாகப் போய்ச் சொன்னால் மறுபடியும் தேங்காய் பழத்தில்தான் வந்து நிற்கும்.