பத்துக்கு ஒன்பது பேர் கேட்டும் ஏன் சட்டம் வரவில்லை?

அன்புள்ள ஐயா,

என் தங்கை குடும்பம் டெக்ஸாசில் இருக்கிறது. அவள் மகளை இந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று டி.வி.யில் ஓடும்போதெல்லாம் இங்கே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை விசாரித்துவிட்டுக் கொடுங்கள் என்று அமெரிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வதாகப் படித்தேன். அத்தனை பேர் கேட்பதை ஒரு ஜனநாயகம் எப்படி மறுக்கிறது? துப்பாக்கிக் கம்பெனிகள் எல்லோரையும் விலைக்கு வாங்கிவிட்டன என்பதுதானே உண்மை?

சு.ம., திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

என் மகன் கிண்டர்கார்டன் படித்தபோது, நடந்தால் விளக்கெரியும் ஷூ ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டான். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, இன்னைக்கு நான் காலை ஆட்டவே இல்லை" என்றான். துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று பள்ளியில் லாக்டவுன் பயிற்சி. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்திருக்கிறார்கள். ஷூ மின்னினால் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று இரண்டு கால்களையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தானாம். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கேள்வி எனக்கும் வீட்டுக் கேள்விதான்.

விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றுதான் நானும் நெடுநாள் நம்பினேன். பணம் இல்லாமல் இல்லை. 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, கம்பெனிகளும் சங்கங்களும் வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். ஆனால் ஒரு சங்கத்தின் அரசியல் நிதிக்குழு நேரடியாக ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர்தான் கொடுக்க முடியும். கோடிக்கணக்கில் செலவாகும் செனட் தேர்தலில் அது எந்த மூலைக்கு? துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கம், அதாவது என்.ஆர்.ஏ., வேறொன்றை வைத்துத்தான் மிரட்டியது.

1871-இல், உள்நாட்டுப் போரில் வடக்குக்காகச் சண்டையிட்ட அதிகாரிகள் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கிய சங்கம் அது. 1977-இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் தீவிரமானவர்கள் நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். முழுநேர அரசியல் அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. துப்பாக்கி உரிமையை எவ்வளவு ஆதரிக்கிறார் என்று பார்த்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் பள்ளி மார்க் ஷீட் மாதிரி ஏ முதல் எஃப் வரை கிரேடு போட்டு உறுப்பினர்களுக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு கிரேடை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் உறுப்பினர்களில் ஏராளம். பத்துக்கு ஒன்பது பேரில் பெரும்பாலானவர்களோ விலைவாசி, வரி, மருத்துவச் செலவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓட்டுப் போடுகிறவர்கள்.

இந்தச் சிறு கூட்டத்தின் எடை முழுவதும் தெரிவது பிரைமரியில்தான். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை இங்கே மேலிடம் அறிவிப்பதில்லை. அதற்கும் தேர்தல் உண்டு. எங்கள் பென்சில்வேனியாவில், அந்தக் கட்சிக்காரர் என்று பதிவு செய்துகொண்டவர் மட்டுமே அதில் ஓட்டுப் போடலாம். முதல் முறை நான் போனபோது தேவாலயக் கூடத்தில் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். நவம்பரில் அதே கூடத்தின் வாசலைத் தாண்டி வரிசை நிற்கும்.

அர்லன் ஸ்பெக்டர் என்று எங்கள் செனட்டர் ஒருவர் இருந்தார். 1981 முதல் பதவியில் இருந்த நடுநிலையான குடியரசுக் கட்சிக்காரர். 2004 பிரைமரியில் பாட் டூமி என்பவரிடம் தோற்காமல் மயிரிழையில் தப்பினார். டூமி மறுபடியும் வருகிறார் என்றதும், இந்த முறை பிழைக்க மாட்டோம் என்று 2009-இல் ஜனநாயகக் கட்சிக்கே மாறிவிட்டார். அடுத்த ஆண்டு அந்தக் கட்சியின் பிரைமரியில் தோற்றார். இதைக் கண்ணால் பார்த்த செனட்டர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்று யோசியுங்கள். எதிர்க்கட்சிக்கு அல்ல, சொந்தக் கட்சியின் பிரைமரி வாக்காளருக்கு.

2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, துப்பாக்கிச் சந்தைகளிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று செனட்டில் ஒரு திருத்தம் வந்தது. கொண்டுவந்தவர்களில் ஒருவர் வெஸ்ட் வர்ஜீனியாவின் ஜோ மேன்ச்சின். இன்னொருவர் அதே டூமி. இருவரும் என்.ஆர்.ஏ.விடம் ஏ வாங்கியவர்கள். ஆதரவாக 54 ஓட்டு, எதிராக 46. ஃபிலிபஸ்டர், அதாவது விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்தடிக்கும் வழக்கத்தைத் தாண்ட 60 வேண்டும் என்பதால் தோற்றது. பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு பெண், வெட்கமாக இல்லையா என்று சத்தம் போட்டார். செனட்டில் ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு ஓட்டு, நான்கு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு ஓட்டு. நாடு முழுக்க எடுத்த கருத்துக்கணிப்பு அந்த அவைக்குள் போகும்போது அதே கணக்காக இருப்பதில்லை.

ஊடகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேபிள் செய்தி சானல்கள் ஒரு வாரம் இரவு பகலாக அழுகையைக் காட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். என்.ஆர்.ஏ.வின் பத்திரிகை வீட்டு அஞ்சல் பெட்டிக்கு வந்துகொண்டே இருக்கும். உள்ளூர் செனட்டர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று எழுதிய சிற்றூர் செய்தித்தாள்கள் 2005-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் மூடப்பட்டுவிட்டன. இந்த இழப்பை இங்கே யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

நிலைமை அப்படியே உறைந்துவிடவில்லை. சாண்டி ஹுக்குக்கு மறுநாள் இந்தியானாவில் ஒரு தாய் ஃபேஸ்புக்கில் தொடங்கிய குழு நாடு முழுக்கப் பரவியது. அவர்களும் வேட்பாளர்களைத் துருவிக் கேட்கிறார்கள், சட்டசபைகளில் போய் உட்காருகிறார்கள். என்.ஆர்.ஏ.வும் வழக்குகளில் சிக்கித் தளர்ந்தது. 2022 மே மாதம் டெக்ஸாசின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பிறகு, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாங்கும்போது கூடுதலாக விசாரிக்கும் சட்டம் 65-33 என்று செனட்டில் நிறைவேறியது. ஆதரித்த 15 குடியரசுக் கட்சிக்காரர்களில் அந்த ஆண்டு மீண்டும் தேர்தலில் நின்றவர்கள் இரண்டே பேர். நான்கு பேர் ஓய்வு பெறப்போகிறவர்கள், டூமி உட்பட. எதிரே பிரைமரி இல்லாதபோது எத்தனை பேரால் மனசாட்சிப்படி ஓட்டுப் போட முடிந்தது, பாருங்கள்.

உங்கள் தங்கைக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டதா? கிடைத்திருந்தால் இதைச் சொல்லுங்கள். டெக்ஸாசில் எங்கள் ஊர் போலக் கட்சிப் பதிவு தேவையில்லை, எந்தக் கட்சியின் பிரைமரியிலும் போய் ஓட்டுப் போடலாம், ஏதாவது ஒன்றில் மட்டும். இரட்டைப்படை ஆண்டுகளில் மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். வாக்காளர் பதிவை 30 நாள் முன்பே முடித்திருக்க வேண்டும்.

அன்புடன்.