வேல்ஸ் மலைகளுக்குக் கொடிமலைப் பழக்கம் போதுமா?

கேள்வி: எனக்கு 57 வயது, என் கணவருக்கு 61. பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தண்ணீர்மலைப் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியே கொடிமலைக்கு நடந்து ஏறுகிறோம். இறங்கும்போது ரயிலில் வந்துவிடுவோம். மான்செஸ்டரில் இருக்கும் மகளைப் பார்க்கச் செல்லும்போது, வழிகாட்டியுடன் வேல்ஸ் மலைகளிலும் கடலோரத்திலும் ஒரு வாரம் நடக்க விரும்புகிறோம். எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று பிரிவுகள் இருக்கின்றன. எதில் சேரலாம்? நாங்கள் சைவ உணவுக்காரர்கள்.
வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த வரி, 'இறங்கும்போது ரயிலில் வந்துவிடுவோம்' என்பதுதான். கொடிமலை 833 மீட்டர். வேல்ஸின் மிக உயர்ந்த சிகரமான ஸ்னோடன், வேல்ஸ் மொழியில் எர் வித்வா, 1,085 மீட்டர். ஏற்றத்துக்கு உங்கள் மூச்சு ஈடுகொடுக்கும். முழங்காலைச் சோதிப்பது இறக்கம். மழையில் நனைந்த கரடுமுரடான கற்களின் மேல் இரண்டு, மூன்று மணி நேரம் கால் ஊன்றி இறங்க வேண்டியிருக்கும். அங்கும் லான்பெரிஸ் ஊரிலிருந்து 1896 முதல் மலை ரயில் ஓடுகிறது என்றாலும், காற்று பலமாக வீசும் நாளில் அது உச்சிவரை செல்லாது என்பதால் அதை நம்பி ஏறக் கூடாது.

ஆகவே, இன்றிலிருந்து வாரந்தோறும் கொடிமலையிலிருந்து நடந்தே இறங்கிப் பழகுவீர்களானால் நடுத்தரப் பிரிவில் சேருங்கள். இல்லையேல் எளிய பிரிவே நல்லது. பிரிவின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு நாளும் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று கேளுங்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் என்பது 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு. ஓய்வு நேரம் அதில் சேராது. நம் வயதுக்காரர்கள் அதற்கும் மேலே சற்றுக் கூட்டிக்கொள்வது நலம்.

கடலோரம் என்றதும் பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலில் நடப்பதுபோல் நினைத்துவிடாதீர்கள். 1970இல் திறக்கப்பட்ட பெம்புரோக்‌ஷயர் கடலோரப் பாதை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. செங்குத்துப் பாறைகளின் விளிம்போடு சென்று, சிறு விரிகுடா வரும்போதெல்லாம் கீழே இறங்கி மறுபடி ஏறுகிறது. முழுப் பாதையிலும் ஏறும் உயரத்தைக் கூட்டினால் 35,000 அடி வரும் என்பார்கள். இருப்பினும் முதல் இரண்டு நாள் கடலோரத்தில் நடந்துவிட்டுப் பிறகு மலைக்குச் செல்லும் பயணத்தையே நான் பரிந்துரைப்பேன்.

மலையில் வழிகாட்டி கட்டாயம் வேண்டும். மலை நடைக்கு உரிய தகுதிச் சான்றிதழ் உள்ளவரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நான் ஸ்னோடனுக்குச் சென்ற ஒரு ஜூன் நாளில், பழைய செம்புச் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட பாதை வழியே கிளாஸ்லின் ஏரிவரை சென்றோம். பச்சையும் நீலமும் கலந்த அந்த நீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனியில் மறைந்தது. பத்தடி முன்னால் நின்றவரின் மழைச்சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. வழிகாட்டி அங்கேயே எங்களைத் திருப்பிவிட்டார். உச்சியைத் தொடாமல் திரும்பியதில் எனக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் அவர் செய்ததே சரி. அப்படித் திருப்பும் வழிகாட்டியைத்தான் நீங்கள் நாட வேண்டும்.

உச்சியில் அடிவாரத்தைவிட 6, 7 டிகிரி குளிர் கூடுதல். காற்று அதை இன்னும் கூட்டும். பருத்தி உடை நனைந்தால் காயாமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் ஜீன்ஸ் வேண்டாம். கம்பளி அல்லது செயற்கை இழை உடை, நீர் புகாத மேலங்கி, கணுக்காலை மூடும் காலணி ஆகியவை போதும். புதுக் காலணியை இங்கேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் இரவு ஒன்பது மணியளவிலும் வெளிச்சம் இருக்கும்.

சைவ உணவு கிடைக்கும். மீனும் வேண்டாம் என்பதையும், முட்டை உண்பீர்களா என்பதையும் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். மலைக்குக் கட்டித்தரும் மதிய உணவு பெரும்பாலும் சீஸ் ரொட்டிதான், ஊறுகாய் கையோடு இருக்கட்டும். 2025 ஜனவரி முதல் மலேசியர்களுக்கும் பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதி தேவை; விமானம் ஏறுமுன் இணையத்தில் விண்ணப்பித்துப் பெற்றுவிடுங்கள்.