பரண்மேல் ஷாம்பெயின்

கேள்வி: பிரான்ஸிலிருந்து மச்சான் கொண்டுவந்த 2012 ஷாம்பெயின், ஷார்டொனே திராட்சை மட்டுமே போட்டதாம், பரணில் கிடக்கிறது. இன்னும் பத்து வருஷம் வைக்கலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: முதலில் பரணிலிருந்து இறக்குங்கள் ஐயா, கம்பத்து வெயிலில் அது வெந்துவிடும். 10–12 டிகிரி, இருட்டு, ஆடாத இடம், இதெல்லாம் இருந்தால் வைக்கலாம். இல்லையா, இந்தப் பொங்கலுக்கே திறந்துவிடுங்கள். வருஷம் குறித்த ஷாம்பெயினைக் குறைந்தது 3 ஆண்டு முதிரவிட்ட பிறகுதான் விற்பார்கள், உங்களுடையது அதற்கு மேலும் வளர்ந்தாயிற்று. இளசில் தூக்கலாக இருந்த எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை அடங்கி, வாட்டிய ரொட்டி, பாதாம், தேன் என்று மேலே வரும், நுரை தணியும், நிறம் பொன்னாகும், கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். ரொம்பச் சில்லிட்டால் வாசனை அமுங்கும். ஒல்லிக் குழல் கிளாஸ் வேண்டாம், ஒயின் கிளாஸே போதும். அப்புறம், குமுளி நேந்திரங்காய் சிப்ஸ். அந்த உப்புக்கு இந்தப் புளிப்பு அருமையாக ஒத்துப்போகும்.