லோரி பிரேக் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது

சுங்கை சிப்புட் வாசகி ஒருவரின் கேள்வி: எட்டு வருடத்துக்கு முன் அண்ணனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனபோது செம்பனைக் குலை லோரி இடித்தது. இருவரும் பிழைத்தார்கள். இன்றும் லோரி பிரேக் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறதாம். அம்மா “கிளறாதே” என்கிறார், தோழி “பேசப் பேசத்தான் ஆறும்” என்கிறாள். யாரோ படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலோல் மாத்திரையும் சொல்லியிருக்கிறார்கள்.

சகோதரி, இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி.

உங்கள் பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் என்றால் கேட்டுப் பாருங்கள்: ஆசிட் ஊற்றி உறைந்த பால் மறுபடி பாலாகாது. நினைவும் அப்படித்தான் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2000-இல் நியூயார்க்கில் மூளை ஆய்வாளர் கரீம் நாடர் குழுவினர், ஒலி கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று பயந்து பழகிய எலிகளுக்கு அதே ஒலியைக் கேட்கவைத்து, உடனே மூளையில் பய நினைவுக்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பயம் வெகுவாகக் குறைந்தது. ஒலி இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பலனில்லை. ஒலி கேட்டு ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் இல்லை. ஆக, நினைவை வெளியே எடுத்தால் சில மணி நேரம் இளகி நிற்கிறது, அப்புறம் திரும்ப உறைகிறது.

அந்த நேரத்தில் அதில் என்ன கலக்கிறது என்பதுதான் விஷயம். ராத்திரி தனியாகப் படுத்து அதே காட்சியை ஓட்டினால் அதே நடுக்கம்தான் உறையும். அம்மாவின் பயம் நியாயமானது. உடம்பு ஒன்றை எதிர்பார்த்து வேறொன்று நடந்தால்தான் தோழி சொன்னது பலிக்கும்.

அண்ணனையே கூட்டிக்கொண்டு, மில்லுக்குப் போகும் லோரிகள் திரும்பும் சாலையோரக் கடையில் பகலில் உட்காருங்கள். விபத்தைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். இடித்த நொடிக்குள் போகவேண்டாம். பத்து நிமிடம் கழித்து லோரிகளைக் கவனியுங்கள். பிரேக் கிறீச்சிடும், நெஞ்சு படபடக்கும், எதிரே அண்ணன் பாட்டுக்கு ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருப்பார். படபடப்பு தானாக இறங்கும்வரை எழுந்துவிடாதீர்கள். பாதியில் ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கணக்கு எழுதிக்கொள்ளும். பத்து நிமிட இடைவெளி, 2010-இல் டேனியலா ஷில்லர் குழு மனிதர்களிடம் செய்த ஆய்வில் வருவது. பிறகு செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. நான் நிமிடக் கணக்கைவிட எதிரே இருக்கும் அண்ணனைத்தான் அதிகம் நம்புகிறேன்.

மாத்திரையை வைத்தும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். கனவில் விபத்து வந்து தூக்கம் கெடுகிறது என்றால் கடையில் உட்காரும் முயற்சியைத் தள்ளிவைத்து, முதலில் அரசாங்க கிளினிக்கில் சொல்லி மனநல டாக்டருக்குக் கடிதம் வாங்குங்கள்.