சூடான தோசை எனக்கு எப்போது?

கேள்வி: எனக்கு இரண்டரை வயதில் மகள், எட்டு மாதத்தில் மகன். அடுத்த மாதம் நாங்கள் நால்வரும் மூன்று நாள் பயணமாகப் புதுச்சேரி கிளம்புகிறோம். "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ஹோட்டல் சாப்பாடா? கட்டுச்சோறு எடுத்துட்டுப் போங்க" என்கிறார் மாமியார். "பாண்டி வரைக்கும் போய் புளிசாதமா? வொயிட் டவுன்ல நல்ல ரெஸ்டாரன்ட்டா பார்த்து வச்சிருக்கேன்" என்கிறார் கணவர். வெளியே எங்கே சாப்பிடப் போனாலும் மகள் மேஜைக்கு அடியில், மகன் என் மடியில் அழுகை. கடைசியில் ஆறிப்போன தோசைதான் எனக்கு. சின்னவன் தரையெல்லாம் சிந்தினால் கடையில் முகம் சுளிப்பார்களே என்ற கவலை வேறு. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

பதில்: சகோதரி, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட அந்த ஆறிப்போன தோசையைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பால் கொடுக்கும் தாய் நீங்கள். அந்த மேஜையில் உட்காரும் எல்லாரையும்விட வயிறார, சூடாகச் சாப்பிட வேண்டியவர் நீங்கள்தான். எந்த ஹோட்டல் என்பதெல்லாம் அப்புறம். கிளம்புவதற்கு முன்பே கணவரோடு பேசி ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உட்கார்ந்ததும் உங்கள் தட்டு முதலில் வரும், நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு குழந்தைகளும் அவர் பொறுப்பு. நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த பிறகு அவருக்கு ஆர்டர் சொல்லுங்கள். இருவருக்கும் சேர்த்துச் சொன்னால் இரண்டு தட்டும் ஒன்றாக வரும், ஒன்று ஆறும், அது உங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் கட்டுச்சோறு பெரியவர்களுக்குத்தான் சரிப்படும். புளிசாதம் தாங்கும், குழைத்த பருப்புசாதம் தாங்காது. சமைத்த சோறு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் குழந்தைக்கு ஊட்டக்கூடாது. நல்ல வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. திருச்சியிலிருந்து இங்கே புதுச்சேரிக்கு வந்து சேரவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அதனால் சோற்றுக்குப் பதில் பொடியாக எடுத்து வாருங்கள். அவலை வாசம் வரும்வரை வறுத்து நைசாகப் பொடித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டால், கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கலக்கி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும், கஞ்சி தயார். வெந்நீருக்கு ஒரு ஃபிளாஸ்க், அறையில் கெட்டில் உண்டா என்று முன்பே ஒரு போன். வாழைப்பழம் எந்தத் தெருவிலும் கிடைக்கும். எட்டு மாதக் குழந்தைக்குத் திட உணவு ஒரு நாளில் இரண்டு மூன்று வேளைதான், மீதிப் பசிக்குத் தாய்ப்பால் இருக்கிறது. சின்னவன் சாப்பாட்டுக் கவலை இதோடு தீர்ந்தது என்றே சொல்வேன்.

ஹோட்டலிலேயே அவனுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இட்லியைவிட நல்லது இல்லை. ஆவியில் வெந்தது, கண்முன்னே சூடாக வருவது. நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியை மட்டும் கிள்ளி எடுத்து, உங்கள் ஃபிளாஸ்க் வெந்நீர் இரண்டு ஸ்பூன் விட்டு, கட்டியில்லாமல் மசித்து, ஆறவிட்டு ஊட்டுங்கள். சாம்பார், சட்னி வேண்டாம். ஒரு வயதுக்குள் உப்பும் காரமும் அவ்வளவு தேவையில்லை. கஃபேக்களில் பான்கேக் மேல் தேன் ஊற்றித் தருவார்கள். சின்னவன் நாக்கில் ஒரு சொட்டுகூடத் தடவாதீர்கள். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஆபத்து, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும். இறால், வேர்க்கடலை போன்றவற்றை அவன் இதுவரை ருசி பார்த்ததில்லை என்றால் முதல் தடவை ஊரில், வீட்டில் இருக்கும்போது நடக்கட்டும். பயணத்தில் வேண்டாம்.

இனி கணவரின் ஆசை. அதையும் விட வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பழைய பிரெஞ்சுப் பகுதியான வொயிட் டவுனில் பல ரெஸ்டாரன்ட்டுகளில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். ஆர்டர் சொல்லித் தட்டு வர அரை மணி நேரம் ஆவதும் உண்டு. இரண்டரை வயதுக்கு அந்த நேரம் தூக்கமும் பசியும் சேர்ந்து வரும் நேரம். ஆகவே அங்கே மதியம் போங்கள், அதுவும் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக. கூட்டம் இருக்காது, கிச்சன் ஓய்வாக இருக்கும், மூலை மேஜை கேட்டால் கிடைக்கும். பழைய பிரெஞ்சு வீடுகளை ரெஸ்டாரன்ட் ஆக்கியிருக்கும் இடங்களில் நடுவில் முற்றம் இருக்கும், தட்டு வரும்வரை மகள் அங்கே நடக்கலாம். படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறதா என்று மட்டும் முதலில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பாண்டியில் பல இடங்களில் மது பரிமாறுவார்கள், போனில் பேசும்போதே குடும்பமாக உட்காரத் தனிப்பகுதி உண்டா, குழந்தைக்கு ஹை சேர் உண்டா என்று கேளுங்கள். மகளுக்கு கிரேப் என்ற பிரெஞ்சுப் பலகாரம் வாங்கிக் கொடுங்கள், நம் தோசை மாதிரி மெல்லிசாக இருப்பதால் பிள்ளைகள் மறுக்காமல் சாப்பிடும். பிரெஞ்சு ரொட்டி என்றால் உள்ளே இருக்கும் பஞ்சு அவளுக்கு, மொறுமொறு மேல்தோல் உங்களுக்கு.

காலையும் மாலையும் நேரு வீதி, காமராஜ் சாலைப் பக்கம் டிபன் ஹோட்டல்கள் போதும். ஏசி ஹாலைவிடக் கீழே சாதா ஹாலில் எல்லாம் சீக்கிரம் வரும், உட்கார்ந்த கையோடு இட்லி இலையில் விழும். பால் கொடுக்க வேண்டிய நேரம் மட்டும் ஏசி ஹாலில் சுவர் ஓரமாக ஒரு இடம் பிடியுங்கள், துப்பட்டா போதும். மாலை ஆறு மணிக்குள் பிள்ளைகள் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளை விடமாட்டார்கள். தள்ளுவண்டி சுகமாக ஓடுகிற இடம் அதுதான். மற்ற வீதிகளில் உயரமான நடைபாதையும் நிறுத்திவைத்த பைக்குகளும் பாடாய்ப் படுத்தும், தூளி மாதிரி உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் மேல்.

நான் உண்மையிலேயே பயப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்கு. சுகாதாரம் என்று நினைப்பீர்கள், இல்லை. டபரா டம்ளர். நம் ஹோட்டல்களில் காபி நுரை பொங்கப் பொங்க வரும், சர்வர் அதை மேஜை விளிம்பில் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். உங்கள் மடியில் இருக்கும் எட்டு மாதக் குழந்தையின் கைக்கு அது சரியாக எட்டும், பளபளப்பாக வேறு இருக்கும். சாம்பார் வாளியும் இலைக்கு மேலே, அவன் தலைக்கு மேலேதான் வரும். ஆகவே சர்வர் நடந்து போகும் பக்கம் குழந்தையை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், சுவர்ப் பக்கம் உட்காருங்கள். "அண்ணே, காபியை அந்தப் பக்கம் வைங்க, குழந்தை இருக்கு" என்று ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள், வாளி வரும்போது உங்கள் கை குழந்தையின் தலைமேல் இருக்கட்டும். காபியைக் குழந்தை மடியில் இல்லாதபோது மட்டும் குடியுங்கள். தப்பித்தவறிக் கொட்டிவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். அப்படியே ஆஸ்பத்திரி. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. வந்த அன்றே தங்கும் இடத்திலிருந்து இரண்டுக்கும் வழி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரவிந்தர் ஆசிரமத்துக்குள் மூன்று வயதுக்குக் கீழே குழந்தைகளை அனுமதிப்பதில்லை, உங்கள் பிள்ளைகள் இருவருமே அந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். ஒருவர் உள்ளே போய் வர, மற்றவர் பாரதி பூங்காவில் பிள்ளைகளோடு இருங்கள். நீங்கள் முதலில் போங்கள்.

மகள் மேஜைக்கு அடியில் போவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பசித்த குழந்தையைச் சும்மா உட்காரச் சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்? ஹோட்டலுக்குள் நுழையும் முன்பே அரை வாழைப்பழம் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்ததும் அவளுக்கென்று தனி இலை, தனி டம்ளர். முழு வேர்க்கடலை அவளுக்கு வேண்டாம். மிளகு முழுசாக இருக்கும் வடை, முள் மீன் இவை மட்டும் உங்கள் கண் பார்வையில்.

சின்னவன் சிந்துவது பற்றி. எட்டு மாதக் குழந்தை சிந்தாமல் சாப்பிடாது, ஹோட்டல்காரர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஒரு பழைய துண்டை நாற்காலிக்குக் கீழே விரித்துவிடுங்கள், எழும்போது அப்படியே சுருட்டி எடுத்துக்கொள்ளலாம். பெரிய பருக்கைகளை நீங்களே பொறுக்கிவிடுங்கள், மிச்சத்துக்கு மேஜை துடைக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிப்ஸைப் பில் தட்டில் வைத்தால் அது அவர் கைக்குப் போகாமலும் போகலாம், நேராக அவரிடமே கொடுத்துவிடுங்கள்.