கருவாட்டுக் கணக்கில் தெரியும் சதவீதம்

கேள்வி: மூதூர்ப் பக்கம் தரம் 8க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சதவீதத்தில் தவணைப் பரீட்சைப் புள்ளி நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் விலைக்கழிவைக் கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். வகுப்பில் 38 பேர். உண்மையாக விளங்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டீச்சர், ‘சதவீதம் காண்க’ என்று வினாத்தாளே வழியைச் சொல்லிவிடுகிறது. சந்தையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எந்தக் கணக்கைப் போடுவது என்று பிள்ளையே தீர்மானிக்கிற வேலை ஒன்றைக் கொடுங்கள்.

ஒரு கிலோ நெத்தலியை உப்பிட்டுக் காயவைத்து நிறுக்கட்டும். 300 கிராம் வந்தது என்று வைப்போம். இழப்பு 70 சதவீதம்; இதைப் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இனிக் கேளுங்கள்: பச்சை மீன் கிலோ 600 ரூபாய் என்றால், போட்ட காசாவது திரும்பிவர, கருவாட்டைக் கிலோ என்ன விலைக்கு விற்கவேண்டும்? 600 உடன் அதன் 70 சதவீதத்தைக் கூட்டி 1,020 என்று ஒரு பிள்ளை எழுதினால், அங்கேதான் கவனிக்கவேண்டும். 600 ரூபாயும் அந்த 300 கிராமுக்குள் இருக்கிறது. ஆகவே கிலோ 2,000. ‘எதன்’ சதவீதம் என்பது பிள்ளைக்குப் பிடிபடவில்லை என்று அந்த 1,020 காட்டிக்கொடுத்துவிடும். பிழையான விடைகளை அப்படியே குறித்துவையுங்கள், அடுத்த பாடம் அதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

வயல் வீட்டுப் பிள்ளை என்றால் நெல்லைக் காயவைத்து நிறுக்கலாம். நெல் வாங்கும்போது 14 சதவீத ஈரப்பதம் பார்ப்பது அந்த வீட்டில் தெரிந்த விடயம்.

புள்ளித்திட்டத்தை முதல் நாளே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். இந்த வகைக் கணிப்பீட்டுக்காக 1989 முதல் எழுதிவந்த அமெரிக்கக் கல்வியாளர் கிராண்ட் விக்கின்ஸ், அளவுகோலை ஒளித்துவைக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அளந்தது சரியா, எதன் சதவீதம் என்று தெரிகிறதா, விடையை விளக்க முடிகிறதா: இந்த மூன்றும் போதும். அட்டை அலங்காரத்துக்குப் புள்ளி வேண்டாம். அதை வீட்டில் பெரியவர்களே செய்து கொடுத்துவிடுவார்கள்.

சரி, 38 பேருக்கு நேரம்? நிறுப்பது குழுவாக, எழுதுவது தனித்தனியாக. அப்புறம் ஒரு பாடவேளைக்கு எட்டுப் பேரை மேசைக்குக் கூப்பிட்டு, “400 கிராம் வந்திருந்தால்?” என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், ஐந்து பாடவேளையில் முடிந்துவிடும். பார்த்து எழுதிய பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். கூச்சப்படுகிறவர்கள் எழுதிக் காட்டட்டும்.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் இதைச் செயற்றிட்டமாகப் பதியலாம். மாரிக்கு முன்னரே செய்துவிடுங்கள், மார்கழி மழையில் நெத்தலி காயாது.